முதலில் வாளியை எண்ணுங்கள்: ஒரு பரப்பு வளவில் எதை நடுவது?

2022 ஜூன் மாதம் எங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தது. இலங்கையில் பெற்றோல் இல்லாமல் கந்தோருக்கு வந்துபோக வழியில்லாத காலம். அரச ஊழியர்கள் வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் நின்று பயிர் செய்யட்டும் என்று மூன்று மாதத்துக்கு அமைச்சரவை முடிவெடுத்தது. முதல் வெள்ளிக்கிழமை காலமை ஏழு மணிக்கே எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. நானும் பின்வளவில் கால் பரப்பை, அதாவது ஏறத்தாழ அறுபது சதுர மீற்றரைக் கொத்தி, அறுபது மிளகாய்க் கன்றும் நாற்பது கத்தரியும் இருபது தக்காளியும் நட்டேன். கன்று, எரு, வலை, மருந்து எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய் முடிந்தது. ஆவணி கழிந்தபோது பதினாலு மிளகாய்ச் செடியும் ஏழு கத்தரியும்தான் மிஞ்சி நின்றன.

கன்றில் பிழையில்லை. மண் உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண், அதிலும் பிழையில்லை. யாழ்ப்பாணத்தில் ஜூன் என்றால் சோளகக் காற்று. தென்மேற்குப் பருவமழை கொழும்பையும் காலியையும் நனைக்கும் நேரத்தில் எங்களுக்கு வருவது காய்ந்த காற்று மட்டும்தான். காலமை ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். எங்கள் இறைப்பு மெசினுக்கு மண்ணெண்ணெய் வேண்டும். அந்த நேரம் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றால்தான் கிடைக்கும், நின்றாலும் கிடைக்காத நாட்கள் இருந்தன. ஓகஸ்ட் கடைசியில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. பிறகு வாளியால்தான் அள்ளி ஊற்றினேன். நாளுக்கு முப்பது வாளி. இரண்டாம் கிழமையே தோள்மூட்டு பிடித்துவிட்டது. அம்மா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிள்ளை, வேலியில நிக்கிற முருங்கைக்கு ஆர் தண்ணி ஊத்தினது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் இருந்துதான் இதை எழுதுகிறேன். போன கிழமை தங்கச்சி கொடிகாமத்தில் இருந்து போன் எடுத்தாள். மாப்பிள்ளைக்கு மேசன் வேலை குறைந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பரப்புக் காணி சும்மா கிடக்கிறது. கிணறு இருக்கிறது, அரைக் குதிரைவலு மோட்டர் இருக்கிறது, எல்லையில் நாலு பனை நிற்கிறது. கையில் 20,000 ரூபாய். "அக்கா, எதில முதல் கை வைக்கிறது?" மரக்கறிப் பாத்தி போடுவதா, கீரையும் முருங்கையும் மரவள்ளியும் வைப்பதா, கோழி வாங்குவதா, ஒன்றும் செய்யாமல் அந்தக் காசை வைத்துக்கொண்டு சந்தையில் பார்த்து வாங்கி அடுப்படியில் மிச்சம் பிடிப்பதா? அவளுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஏனென்றால் இதே கேள்வியோடு நிற்கிற வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

ஒன்றை முதலில் மனதில் வைக்கவேண்டும். வீட்டுத் தோட்டம் சோற்றுக்கு வழி செய்யாது, கறிக்குத்தான் செய்யும். அவள் வீட்டில் ஐந்து பேர். நாளுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி போகும். அந்த ஒரு பரப்பிலும் நெல்லே போட்டு, நூறு கிலோ நெல் எடுத்தாள் என்று வையுங்கள், குத்தினால் அறுபத்தைந்து கிலோ அரிசி வரும். ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும். அரிசியும் பருப்பும் எண்ணெயும் எப்படியும் கடையில்தான் வாங்கவேண்டும். வளவு செய்யக்கூடியது, கறிக்கும் சம்பலுக்கும் வறைக்கும் போகிற காசை நிறுத்துவது. அது சின்ன விசயம் இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் கணக்கில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. முந்தின வருடம் நூறு ரூபாய் விற்றது ஏறத்தாழ இருநூறு ரூபாய். அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் முதலில் குறைந்தது கறிதான். சோறு இருந்தது, அதோடு சம்பல் மட்டும் இருந்தது. பிள்ளைகளின் தட்டில் பச்சையாக ஒன்றும் இல்லாமல் போனது.

மரக்கறிப் பாத்தி

எல்லாரும் முதலில் நினைப்பது இதைத்தான். கத்தரி, வெண்டி, தக்காளி, மிளகாய், பயிற்றங்காய். பார்க்க வடிவாக இருக்கும், தோட்டம் செய்கிறோம் என்ற நிறைவும் வரும். வெண்டி நட்டு ஒன்றரை மாதத்தில் காய் பறிக்கலாம், அது பெரிய ஆறுதல்.

ஆனால் வாளியை எண்ணிப் பாருங்கள். கோடையில் மரக்கறிப் பாத்தி ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றராவது கேட்கும். ஒரு பரப்பு ஏறத்தாழ 250 சதுர மீற்றர். 1,250 லீற்றர், பத்து லீற்றர் வாளியால் 125 வாளி. கொடிகாமம் இருக்கிற தென்மராட்சியின் மணல் பாங்கான மண்ணில் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும், ஆகவே ஒருநாளும் விடமுடியாது. தங்கச்சியிடம் மோட்டர் இருக்கிறதே என்றால், உண்மைதான். அரைக் குதிரைவலு மோட்டர் அந்தத் தண்ணீரை ஒரு மணி நேரத்துக்குள் இறைத்துவிடும், மாதம் பத்துப் பதினைந்து அலகு மின்சாரம் போகும். மின்சாரம் ஒழுங்காக வருகிற நாளில் அது பெரிய செலவில்லை. ஆனால் வீட்டுப் பாவனையோடு அது சேர்ந்து உங்களை அடுத்த கட்டணப் படிக்கு ஏற்றிவிட்டால் பில் வேறு மாதிரி வரும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கறண்ட் நின்றதையும் நாங்கள் மறக்கவில்லை. அதோடு கிணறும் பேசும். சித்திரை வைகாசிக்குப் பிறகு ஓயாமல் இறைத்தால் எத்தனையோ கிணறுகளில் தண்ணீர் உவர்க்கத் தொடங்கும். உவர்த் தண்ணீர் முதலில் தக்காளியின் இலை விளிம்பைக் கருக்கும். பிறகு குடிக்கிற தண்ணீருக்கே நீங்கள் பக்கத்து வீட்டுக்குப் போகவேண்டி வரும்.

சரி, கோடையில் வேண்டாம், ஐப்பசி மழையோடு தொடங்குவோம் என்றால் தண்ணீர்ப் பிரச்சினை தீரும். எங்கள் மழையில் பெரும்பகுதி ஒக்டோபரில் இருந்து டிசெம்பருக்குள் விழுந்துவிடும். ஆனால் அப்போது யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்க அதையேதான் நடும். நீங்கள் கத்தரி பறிக்கிற தை, மாசியில் இங்குள்ள திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகம் சந்தையிலும் கத்தரி குவிந்து கிடக்கும், தக்காளியை வாங்க ஆளிராது. அந்தக் காலத்தில் வீட்டில் விளைந்த கத்தரி உங்களுக்கு மிச்சப்படுத்துவது மிகக் கொஞ்சக் காசு. மரக்கறி விலை ஏறுகிற ஆடி, ஆவணியில் உங்கள் பாத்தியும் காய்ந்து கிடக்கும். இதை நான் மூன்று வருடம் கொப்பியில் எழுதிவைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

இன்னொன்று, வெளியில் இருந்து வாங்கவேண்டிய சாமான். விதை, உரம், மருந்து. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது உரம் வாங்கக் காசும் இல்லை, டொலரும் இல்லை. கஷ்டகாலம் வருகிறபோது முதலில் கடையில் இல்லாமல் போவது இந்தச் சாமான்கள்தான். நான் ஒரு கடையில் வாங்கிய வெண்டி விதை பைக்கற்றில் பத்துக்கு ஒன்றுகூட முளைக்கவில்லை. வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் திகதி முடிந்து ஒரு வருடம்.

ஆனாலும் மரக்கறிப் பாத்தியை முழுக்கத் தள்ளிவிடச் சொல்லமாட்டேன். பச்சை மிளகாய் ஆறு செடி எந்த வீட்டுக்கும் வேண்டும். சந்தையில் அதன் விலை ஏறி இறங்குவதைப் போல வேறொன்றும் ஏறி இறங்குவதில்லை, ஒரு வீட்டுக்குத் தேவையானதோ ஒரு பிடிதான். ஆறு செடிக்கு அரை வாளித் தண்ணீர் போதும். பயிற்றங்காய் பத்து விதை வேலியோரம் ஊன்றலாம், நாட்டு விதை என்றால் முற்றவிட்டு அடுத்த வருடத்துக்கும் எடுத்துவைக்கலாம். கத்தரியில் நாலு செடி. இதற்குமேல் போவது கஷ்டகாலத்தில் என் கணக்குக்கு ஒத்துவரவில்லை. தோட்டம் செய்து விற்கிற ஆட்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு நிலம் பத்துப் பரப்பு, மெசின், அனுபவம் எல்லாம் இருக்கிறது. நான் சொல்வது வீட்டுக்காக நடுகிறவர்களுக்கு.

கீரை, முருங்கை, பப்பாசி, மரவள்ளி

இதைத்தான் நான் தங்கச்சிக்கு முதல் இடத்தில் வைத்தேன்.

முருங்கைக்கு ஒரு கதியால் போதும். மூன்று நாலு அடி நீளத்தில், கைமொத்தத்தில் முற்றிய தடி ஒன்றை யாரிடமும் கேட்டாலும் தருவார்கள். ஐப்பசியில் ஊன்றினால் மழை அதைப் பிடிப்பித்துவிடும். பிறகு தண்ணீர் தேவையில்லை. இலை இரண்டு மூன்று மாதத்தில் பறிக்கலாம், காய் ஒரு வருடத்துக்குள் வரும். உயரப்போக விடாமல் ஒடித்து ஒடித்து வளர்க்கவேண்டும், இல்லாவிட்டால் காற்றுக்கு முறிந்து கூரையில் விழும். மாரியில் மயிர்க்கொட்டிப் புழு வரும். அந்த ஒரு தொல்லை உண்டு. அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும்போது தீப்பந்தம் காட்டி எரிப்பார்கள். பிள்ளைகளைக் கிட்ட விடக்கூடாது.

முருங்கையிலை ஆய்வது சோம்பலான வேலை என்று விடுகிறவர்கள் அதிகம். அம்மா செய்வது இது. பின்னேரம் கிளையாக முறித்து, பழைய வேட்டித் துண்டில் இறுக்கிச் சுற்றி, இரவு முழுக்க அடுப்படி மூலையில் வைத்துவிடுவார். காலமை அவிழ்த்து இரண்டு உதறு உதறினால் இலை எல்லாம் துணியில் கொட்டிக் கிடக்கும், காம்பு மட்டும் கையில் மிஞ்சும். அதில் ஒரு கை எடுத்து, சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்து, தேங்காய்ப்பூப் போட்டு வறுத்தால் ஐந்து பேருக்கு ஒரு வறை. இரும்பு, கல்சியம், விற்றமின் ஏ மூன்றும் நிறைந்த இலை. கத்தரிக்காயிலும் வெண்டியிலும் அந்த அளவு கிடைக்காது. காசு ஒரு சதமும் போகவில்லை.

கீரைக்குப் பெரிய இடம் வேண்டாம். இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர் பாத்தி, இரண்டு வாளித் தண்ணீர். முளைக்கீரை 25, 30 நாளில் பிடுங்கலாம். எல்லா விதையையும் ஒரேநாளில் தூவாமல் பாத்தியை நாலாகப் பிரித்துக் கிழமைக்கு ஒரு பகுதி தூவினால் எப்போதும் ஏதாவது பறிக்க இருக்கும். பொன்னாங்காணியும் வல்லாரையும் பசளியும் இன்னும் சுகம். எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற வாய்க்காலை ஒரு முழம் அகலமாக வெட்டி, இரண்டு பக்கமும் பொன்னாங்காணித் தண்டை ஊன்றினேன். வேலிக் கம்பியில் பசளி ஏறியது. அந்தத் தண்ணீர் எப்படியும் ஓடத்தான் போகிறது. சவர்க்காரம் அதிகம் கலந்த உடுப்புத் தண்ணீரை மட்டும் அதற்குள் விடுவதில்லை, அது வாழைக்குப் போகும். 2022 ஆடியில் மிளகாய்க் கன்றுகள் கருகிக்கொண்டிருந்த அதே கிழமையில் இந்த வாய்க்கால் ஓரம் பச்சையாக இருந்தது. நான் அதைத் தோட்டம் என்றே நினைத்திருக்கவில்லை.

பப்பாசி ஒன்பது பத்து மாதத்தில் காய்க்கும். பழுக்கவிடலாம், காயாகக் கறியும் வைக்கலாம். அதன் வேருக்கு நின்ற தண்ணீர் ஆகாது, ஆகவே மேட்டில் வைக்கவேண்டும்.

அப்புறம் மரவள்ளி. இதன் பெயரைச் சொன்னால் அம்மாவின் வயதுக்காரருக்கு எழுபதுகள் ஞாபகம் வரும். 1970க்கும் 77க்கும் இடையில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது பாணுக்கு வரிசை, அரிசிக்குக் கட்டுப்பாடு, தெற்கு வடக்கு என்றில்லாமல் வீடுகளில் மரவள்ளி அவிந்தது. அதே கட்டுப்பாட்டால் மிளகாயும் வெங்காயமும் நட்ட யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நல்ல விலை கண்டதும் உண்மை. ஒரே காலம் ஒரு வீட்டுக்குக் கல்வீடு தந்தது, இன்னொரு வீட்டுக்கு மரவள்ளி மட்டும் தந்தது.

மரவள்ளியின் பெரிய குணம், அதைக் களஞ்சியத்தில் வைக்கத் தேவையில்லை. ஒரு சாண் நீளத் தடியை மழையோடு ஊன்றினால் எட்டு மாதத்தில் கிழங்கு. தேவையானபோது ஒரு செடி கிளப்பலாம், மிச்சம் மண்ணுக்குள்ளேயே இருக்கும். கிளப்பினால் இரண்டு மூன்று நாளுக்குள் சமைத்துவிடவேண்டும், பிறகு உள்ளே கறுத்துவிடும். தோலை முழுக்க உரித்து, மூடாமல் அவித்து, அவித்த தண்ணீரை ஊற்றிவிடவேண்டும். கிழங்கில் இயல்பாகவே நச்சுத்தன்மை உண்டு, கசக்கிற கிழங்கைச் சாப்பிடவே கூடாது. அது மாவுச்சத்து மட்டும்தான், புரதம் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே மரவள்ளி சாப்பிடுகிற நாளில் ஒரு மீனோ பருப்போ கூட இருக்கவேண்டும். பிள்ளைகளுக்கு அதை மட்டும் கொடுத்துப் பசியாற்றினால் வயிறு நிறையும், உடம்பு தேறாது.

இவை எல்லாவற்றுக்கும் உரம் என்ன? வேலிக்குழைதான். எங்கள் ஆட்கள் பூவரசங் குழையையும் சீமைக்கிளுவைக் குழையையும் வெட்டி மண்ணில் தாழ்த்துவது புதுப் பழக்கமில்லை. தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யூரியா குடாநாட்டுக்குள் வரவே விடவில்லை. அப்போதும் மரக்கறி விளைந்தது குழையாலும் ஆட்டெருவாலும்தான். ஜாம் போத்தலில் திரிபோட்டு விளக்கு எரித்த அதே காலம். தங்கச்சிக்கு அது ஞாபகம் இருக்காது, கைக்குழந்தை. எங்கள் வலிகாமம் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று கூடிக் கிடக்கிறது என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உரத்தை அள்ளிக் கொட்டியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. வீட்டுக் கிணற்றுக்குப் பத்தடி தள்ளி யூரியா போடுவதைவிடக் குழை தாழ்ப்பது எனக்கு நிம்மதி.

கோழி

2022 கடைசியில் முட்டை ஒன்று ஐம்பது ரூபாயைத் தாண்டியபோது எல்லாருக்கும் கோழி ஆசை வந்தது. முட்டைக்கென்று வளர்க்கிற பண்ணைக் கோழி வருடத்துக்கு முந்நூறு முட்டை வரை இடும், ஆனால் நாளுக்கு நூற்றுப்பத்துக் கிராம் தீவனம் தின்னும். வருடத்துக்கு நாற்பது கிலோ. முட்டை விலை ஏறியதற்குக் காரணமே சோளம் கிடைக்காமல் தீவன விலை ஏறியதுதான். ஆகவே முட்டை விலை ஏறுகிறபோது அந்தக் கோழி வளர்ப்பதும் சேர்ந்து ஏறும்.

ஊர்க்கோழி நாலு பேடும் ஒரு சேவலும் வேறு கணக்கு. சோற்றுப் பருக்கை, தேங்காய்ப்பூச் சக்கை, கிளறிப் பிடிக்கிற கறையான். முட்டை குறைவுதான், பத்துப் பன்னிரண்டு இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆனால் குஞ்சு வரும். கீரிக்கும் நோய்க்கும் பாதி போகும் என்று எண்ணிக்கொள்ளவேண்டும். கீரைப் பாத்திக்கு வேலி இல்லாவிட்டால் ஒரே காலமையில் கிளறி முடித்துவிடும். ஆகவே முதலில் பாத்தி வேலி, பிறகு கோழி.

ஒன்றும் நடாமல் மிச்சம் பிடிப்பது

இதைப் பலர் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கும், வயதானவர் மட்டும் இருக்கிற வீட்டுக்கும் இதுதான் சரியான வழி. நட்டுவிட்டுப் பார்க்க ஆளில்லாமல் காயவிடுவதைவிட அந்தக் காசைக் கையில் வைத்திருப்பது நல்லது. வாடகை வீட்டுக்காரர் வேண்டுமென்றால் இரண்டு உரப்பையில் மண்ணும் எருவும் போட்டு மிளகாயும் பொன்னாங்காணியும் வைக்கலாம், அதற்குமேல் வேண்டாம்.

என் கொப்பியில் 2022ஆம் வருடக் கணக்கைக் கூட்டியபோது எனக்கே ஆச்சரியம். அந்த வருடம் எங்களுக்கு அதிகம் மிச்சம் தந்தது வளவில்லை, அடுப்பு. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2021 ஒக்டோபருக்கு முதல் 1,493 ரூபாய். 2022 ஏப்ரலில் 4,860. அதுவும் கடையில் இருந்தால். நாங்கள் விறகுக்கு மாறினோம். பனைமட்டை, தென்னம்பாளை, பொச்சுமட்டை, வேலியில் கழித்த சீமைக்கிளுவைத் தடி. காஸ் தேத்தண்ணீருக்கும் அவசரத்துக்கும் மட்டும். பயறும் கடலையும் முதல்நாள் இரவே ஊறவேண்டும். சோறு கொதித்துப் பாதி வெந்ததும் இறக்கி, பானையைப் பழைய போர்வையால் சுற்றி ஒரு பெட்டிக்குள் வைத்தால் தானே வெந்துவிடும். இந்த மூன்றாலும் ஒரு சிலிண்டர் ஐந்து மாதம் ஓடியது, முன்பு ஏழு கிழமையில் முடிவது. ஆனால் புகை. அம்மாவுக்கு இழுப்பு உண்டு, ஆகவே அடுப்பை வெளிப்பத்திக்கு மாற்றினோம். புகை போக வழியில்லாத குசினிக்குள் விறகு எரிப்பதென்றால், மிச்சம் பிடித்த காசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

சந்தையில் தை, மாசியில் மலிவாகக் குவிகிறபோது வாங்கிக் காயவைப்பது இதோடு சேர்ந்ததுதான். கத்தரி வற்றல், பாவற்காய் வற்றல், மோர்மிளகாய், பங்குனி சித்திரையில் வேப்பம்பூ வடகம். ஆடியில் கறிக்கு வழியில்லாத நாளில் நாலு வற்றலும் ஒரு புளிக்குழம்பும் போதும். அந்த மாதத்தில் பாத்திக்கு நாளும் 125 வாளி ஊற்றுவதைவிட, பங்குனி வெயிலில் ஓலைப்பாயில் கத்தரியைக் காயவைப்பது எவ்வளவோ மேல்.

தங்கச்சிக்குச் சொன்னது

அவள் கேட்டபோது ஆவணி பிறந்திருந்தது. ஒரு பரப்பையும் கொத்தாதே என்றேன். மழை வரும்வரை கிணற்றடி வாய்க்காலில் கீரை, பொன்னாங்காணி, பசளி மட்டும். இதற்கு ஆயிரம் ரூபாய் போகாது. பாத்திக்கு வலை அடிக்க 4,000. ஐப்பசியில் முதல் மழைக்கு முருங்கைக் கதியால் மூன்று, மரவள்ளித் தடி நாற்பது, பப்பாசி நாலு. தடியும் கதியாலும் கேட்டு வாங்கலாம். மிளகாய்க் கன்று ஆறு, கத்தரி நாலு, அதற்குமேல் ஆசைப்படக்கூடாது. கார்த்திகையில் வலை வேலை முடிந்திருந்தால் ஊர்க்கோழி. 20,000இல் பத்தாயிரமாவது தொடாமல் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு வேலை இல்லாத ஒரு மாதம் வந்தால் அது அரிசியும் பருப்பும்.

"அப்ப இப்ப ஆவணியில ஒண்டும் செய்யிறேல்லையா?" என்று கேட்டாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

செய்ய ஒன்று இருக்கிறது. எல்லையில் நிற்கிற நாலு பனை. ஆவணி புரட்டாதியில் பழம் விழும். ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். பழத்தைப் பிள்ளைகள் சூப்பட்டும், மிச்சத்தைப் பினைந்து காயவைத்துப் பனாட்டுப் போடலாம். கொட்டையைச் சேர்த்துவைத்து மண்ணைப் பொலபொலப்பாக உயர்த்திப் பாத்தி கட்டி நெருக்கமாக அடுக்கி மண் போட்டால் மழை மிச்ச வேலையைப் பார்க்கும். ஒரு வாளித் தண்ணீரும் ஊற்றவேண்டாம், உரம் வேண்டாம், மருந்து வேண்டாம். மார்கழி தையில் கிண்டினால் பனங்கிழங்கு. அவித்துச் சாப்பிட்டதுபோக மிச்சத்தை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்பு எடுத்துவிட்டுப் பிட்டு அவிக்கலாம், கூழ் காய்ச்சலாம். நன்றாகக் காய்ந்தால் வருடம் முழுக்க இருக்கும். வேலி முருங்கையைப் போல இதற்கும் வாளிக் கணக்குப் பூச்சியம்தான். எங்கள் வளவில் பனை இல்லை. இருந்திருந்தால் 2022இல் அந்த 11,000 ரூபாயைச் செலவழித்திருக்கமாட்டேன்.

நேற்று இரவு அவளிடம் இருந்து ஒரு படம் வந்தது. முற்றத்தில் பனங்கொட்டை குவியல், பக்கத்தில் சின்னவன் கையெல்லாம் பனங்களி. "அக்கா, 412 கொட்டை. பாத்தியை எங்க கட்டுறது?" என்று கீழே எழுதியிருந்தாள். மேட்டுப் பக்கம், வெள்ளம் நிற்காத இடத்தில், கிணற்றடியில் இருந்து தள்ளி என்று பதில் போட்டேன். பன்றி வருகிற இடமென்றால் மேலே முள்ளுக்கட்டை போடச் சொன்னேன்.